நோட்டில் எழுதாத கஞ்சி

நான்கு வருஷத்துக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம், எங்கள் வாய்க்கால் ஓரத்து வயலில் என் வலது கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் போய்விட்டது. எடுக்கப் பார்த்தால் இடது கால் இன்னும் கீழே இறங்கியது. நடவு ஆட்கள் பதினெட்டுப் பேர் நாற்று முடியைக் (நாற்றுக் கட்டு) கையில் பிடித்தபடி நின்று பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுக்க, இரண்டு பேர் காலைச் சுற்றிச் சேற்றைத் தோண்ட, ஒருவழியாக என்னைத் தூக்கி வரப்பில் உட்காரவைத்தார்கள். மூச்சு வாங்கியது. யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளை நான் மன்னிக்கவில்லை. யாரென்று தெரியாததால் பதினெட்டுப் பேரையும் மன்னிக்கவில்லை.

முதல் அறிகுறி எது என்று பிற்பாடு மருத்துவர் கேட்டபோது சர்க்கரையையோ மூட்டுவலியையோ நான் சொல்லவில்லை. "சேத்துல மாட்டிக்கிட்டேன் சார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. வீட்டுக்காரர் தஞ்சாவூர் - கும்பகோணம் தடத்தில் பேருந்து ஓட்டுகிறார். ஆகவே பதினைந்து மா நிலத்தின் (ஐந்து ஏக்கர்) சாகுபடி முழுக்க என் பொறுப்பு. விதைநெல் எடுப்பதிலிருந்து அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பது வரை நான்தான். பொம்பளை பார்க்கிற விவசாயம் என்று இளப்பமாகப் பேசியவர்கள் எங்கள் களத்தில் குவிந்த நெல்லைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் சம்பா நடவின் முதல் நாள், வயலின் சனிமூலையில் (வடகிழக்கு மூலை) மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்துத் தேங்காய் உடைப்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி இறங்கி முதல் நாற்றை நடுவாள். அதன் பிறகுதான் ஆட்கள் கைவைப்பார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அது என் வேலை. சேற்றில் மாட்டிய பிறகு மூன்று வருஷம் என் மாமியார்தான் நட்டார். அத்தைக்கு எழுபது வயது. அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவார். நான் ரோட்டில் ஸ்கூட்டியை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடி, அங்கிருந்தே கத்தி வேலை வாங்குவேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கும்.

நான் மறுபடியும் சனிமூலையில் இறங்க வேண்டும், யார் கையும் பிடிக்காமல் ஏற வேண்டும். எடை குறைப்பு அறுவைக்குச் சம்மதித்தபோது எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். இதே அறுவையைச் செய்துகொண்டு, எழுந்து நடமாடத் தெம்பில்லாமல் வீட்டில் படுத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

*

அப்போது என் எடை நூற்று இருபத்தொரு கிலோ. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. படுத்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது (தொண்டைச் சதை அழுத்தி மூச்சுக்குழலை அடைப்பதால் வருவது இது). பேலியோ, வெந்நீர், கொள்ளு, வாக்கிங் எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு கிலோ குறையும், ஒன்பது கிலோ ஏறும். சும்மா உட்கார்ந்து தின்கிறாள் என்று சொன்னவர்களைக் கூட்டிவந்து ஒரு நாள் என் வேலையைப் பார்க்க விட வேண்டும் என்று தோன்றும்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை (இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போலத் தைத்துவிடுவது) செய்யலாம் என்றார்கள். அத்தைக்கு அது பிடிக்கவே இல்லை. "வயித்த வெட்டிப்புட்டா சோறு எங்கடி போவும்?" என்று கேட்டார். மருத்துவரிடம் அப்படியே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "சோறு கொஞ்ச நாளைக்குப் போகாதும்மா. ஆபரேஷன் பாதி வேலைதான். மீதிப் பாதி நீங்க என்ன சாப்பிடுறீங்கங்கறதுல இருக்கு. அந்தப் பாதியை நான் செய்ய முடியாது" என்றார்.

வைகாசிக் கடைசியில் அறுவை நடந்தது. அன்று மாலையே நடக்கவைத்தார்கள். மருத்துவமனை நடைவழியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, ஒரு கையில் குளுகோஸ் கம்பி, மறுகை வீட்டுக்காரர் தோளில். மறுநாள் மருந்து ஊற்றுகிற சின்ன பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர் கொடுத்து, இதைக் கால்மணி நேரம் வைத்துக் குடியுங்கள் என்றார்கள். செம்பைத் தூக்கி அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தே பழகியவள் நான். அந்த மூடித் தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் இடமில்லை என்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகர் நர்மதா ஒரு நோட்டைக் கொடுத்தார். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கண்டிப்பான பெண். இரண்டு வாரம் நீராகாரமும் புரதப் பொடியும், அடுத்த இரண்டு வாரம் மசித்த பருப்பு, முட்டை, தயிர், அப்புறம் மெதுவான உணவு. எதிலும் புரதம் (சதையையும் தெம்பையும் கட்டிக்காக்கிற சத்து) முதலில். சாப்பிட்டு அரைமணி நேரம் தண்ணீர் கூடாது. சத்து மாத்திரைகளை ஒரு நாளும் விடக்கூடாது. வாந்தி நிற்காமல் போனால் போன் செய்ய வேண்டும். "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் இதுல எழுதணும்க்கா" என்றார். நானும் தலையாட்டினேன்.

*

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. அந்தப் புரதப் பொடி ஈரச் சாக்கு வாடை அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

மூன்றாம் வாரம் மசித்த பருப்பில் மாட்டிக்கொண்டேன். நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடி ஐந்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு வயலுக்கு ஓடுகிறவள். அதே வேகத்தில் நாலு ஸ்பூன் பருப்பை உள்ளே தள்ளினேன். ஐந்தாவது நிமிஷம் எல்லாம் வெளியே வந்தது. மறுநாளும் அதேதான். முட்டை, தயிர், எதைத் தொட்டாலும் குமட்டியது. மாத்திரையைக் கண்டாலே வயிறு புரண்டது. பயத்தில் ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். பொடியை நிறுத்தினேன், பருப்பை நிறுத்தினேன், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். திட்டுவார்களே என்ற பயம்தான். ஐந்து ஏக்கர் சாகுபடி பார்க்கிறவளுக்கு முப்பது வயதுப் பெண்ணிடம் பயம்.

அப்போதுதான் அத்தை ஒரு டம்ளரில் வடிகஞ்சி கொண்டுவந்தார். பச்சரிசிச் சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் மோர், ஒரு கல் உப்பு. "இதக் குடி. எப்பேர்ப்பட்ட காய்ச்சக்காரனுக்கும் இது தங்கும்" என்றார். குடித்தேன். தங்கியது. குமட்டவில்லை, வெளியே வரவில்லை, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. அன்று நான் அழுதே விட்டேன். அத்தை என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு டம்ளர். அத்தை நேரம் தவறாமல் கொண்டுவந்து நிற்பார். நோட்டில் மட்டும் நான் அதை எழுதவே இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து இல்லை, எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் ஊரில் கஞ்சியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? விரதம் இருப்பவர்களும் குடிப்பார்கள், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியும் குடிப்பாள், மாட்டுக்கும் ஊற்றுவோம். நோட்டில் மோர் இருந்தது, வாந்தியாகப் போன பருப்பு இருந்தது, வெந்நீர்கூட இருந்தது.

எடை மடமடவென்று இறங்கியது. வீடே கொண்டாடியது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அடேயப்பா, ஆளே மாறிட்டியே" என்றார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் தலைவாரக் கையைத் தூக்கினால் தோள் நடுங்கியது. நிலைப்படி தாண்டச் சுவரைப் பிடித்தேன். உள்ளங்கால் எரிந்தது. பிறகு எரிச்சல் போய் மதமதவென்று ஆனது. ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

வீட்டுக்காரர் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசமாட்டார். பேச ஆரம்பித்தால் முடிவோடுதான் வருவார்.

"கலா, இந்த வருஷம் நிலத்தக் குத்தகைக்கு விட்டுடலாம். சித்தப்பா மவன் கேக்குறான்."

"எதுக்கு?"

"ஒன்னால நிக்க முடியல. நா வண்டிய விட்டுட்டு வர முடியாது. அம்மாவுக்கு வயசாச்சு."

"இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் திருப்பித் தருவானா?"

சித்தப்பா மகனை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வயிற்றையும் கொடுத்து, வயலையும் கொடுக்கவா என்று ஆத்திரமாக வந்தது. கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை.

*

ஆடி பிறந்து நாலு நாள் இருக்கும். உழவு பார்க்கப் போகிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி, வாய்க்கால் கரையில் மெல்ல நடந்தேன். பின்னாலிருந்து வளர்மதி ஓடிவந்தாள். நடவுக்கு ஆள் கூட்டிவருகிறவள் அவள்தான், எனக்கு இரண்டு வயது இளையவள். கையில் என் செருப்பு ஒன்று இருந்தது.

"அக்கா, செருப்பு அங்கயே கெடக்கு. நீங்கபாட்டுக்குப் போறீங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. எப்போது கழன்றது என்று தெரியவில்லை. வளர்மதி என்னைக் கரையில் உட்காரவைத்துக் காலைத் தன் மடியில் தூக்கிவைத்தாள். குதிகாலில் கருவேல முள் ஒன்று பாதிக்குமேல் ஏறியிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். ரத்தம் வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்கலியாக்கா?"

"இல்ல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா" என்று சொல்லி, அவளே வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலை நர்மதா என் நோட்டைப் புரட்டினார். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "இந்த நோட்டுப்படி பாத்தா நீங்க மூணு வாரமா ஒண்ணுமே சாப்பிடலக்கா. எப்படி உயிரோட இருக்கீங்க?"

வீட்டுக்காரர் எனக்குப் பரிந்துகொண்டு, "கஞ்சி குடிக்கிறாளே மேடம்" என்றார்.

"என்ன கஞ்சி?"

"வடிகஞ்சிதான். ஆறு டம்ளர்."

நர்மதா என்னைப் பார்த்தார். "எழுதலையே?"

"கஞ்சியெல்லாமா மேடம் எழுதணும்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் திட்டவில்லை. எழுந்துபோய் மருத்துவரைக் கூட்டிவந்தார். மருத்துவர் என் பாதத்தில் ஒரு கருவியை வைத்துத் தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். கண்ணை இடமும் வலமும் ஓட்டச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்துவிட்டேன். பிடித்து உட்காரவைத்துவிட்டு, அவர்தான் திட்டினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தயமின் என்று ஒன்று இருக்கிறது (பி வகை உயிர்ச்சத்துகளில் முதலாவது, சோற்றை எரித்துத் தெம்பாக மாற்றவும் நரம்பு வேலை செய்யவும் வேண்டியது). அதை உடம்பு சேமித்து வைப்பது சில வாரங்களுக்குத்தான் வரும். தீட்டிய பச்சரிசியில் அது இல்லையென்றே சொல்லலாம். வாந்தியில் கொஞ்சம் போனது, மாத்திரையை நிறுத்தியதில் வரவு நின்றது. மிச்சம் இருந்ததையும் அந்தக் கஞ்சியை எரிக்கவே உடம்பு செலவழித்துவிட்டது. புரதமும் இல்லாததால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைந்தது. நாங்கள் கொண்டாடிய எடையில் அதுவும் சேர்த்தி.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணு, ஞாபகம் எல்லாம் போயிருக்கும்மா. திரும்ப வராது" என்றார் மருத்துவர்.

"கால் வருமா சார்?"

"வரும்னு நெனைக்கிறேன். நரம்பு மெதுவாத்தான் வரும். நீங்க அவசரப்பட்டா வராது."

படுக்கையில் சேர்த்து ஊசி ஏற்றினார்கள். மூன்றாம் நாளே குமட்டல் நின்றது. ஐந்தாம் நாள் சுவரைப் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போனேன். பாதம் மட்டும் யாரோ ஒருவருடைய பாதம் போலவே இருந்தது.

*

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலுக்கு வரவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை வீட்டுக்காரர் போனிலேயே சொல்லியிருந்தார் போல. எனக்கு வழிநெடுக அவர்மேல் கோபம்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் உள்ளே போனேன்.

"நா ஒன்னக் கொன்னுருப்பேனேடி" என்றார் அத்தை. முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு தேம்பினார். "ஒரு வாய் தங்குதேன்னுதானேடி குடுத்தேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "நீங்க குடுத்தீங்க, குடிச்சது நாந்தானே? மாத்திரைய ஒளிச்சு வச்சது நீங்களா?" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அத்தை மறுநாள் நோட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய படிப்பு. கோணல் எழுத்தில், மணியோடு, எல்லாவற்றையும் எழுதினார். நர்மதாவுக்கு அவரே போன் செய்து, "ஒங்க பொடி நாறுது, வேற என்ன குடுக்கலாம் சொல்லு தாயி" என்று கேட்டார்.

"உங்க வயல்ல நெல்லு அறுத்ததும் உளுந்து, பயறு போடுவீங்கதானே? அதைத்தான் குடுக்கணும்மா" என்றார் நர்மதா.

நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் டின் டின்னாக வைத்திருக்கிறோம். தை மாதத்தில் அதே வயலில் தெளித்து, மாசி பங்குனியில் எடுத்தது. ஊருக்கெல்லாம் படி படியாகக் கொடுப்போம். நாங்கள் தின்பது இட்லிக்கு ஊறப்போடுகிற உளுந்து மட்டும்தான். அத்தை தோல் உளுந்தையும் பச்சைப் பயறையும் ஊறவைத்து, அரைத்து, சீரகமும் உப்பும் போட்டு நீர்க்கக் காய்ச்சினார். ஒரு அரிசிகூடக் கிடையாது. அதற்குப் பெயர் கஞ்சிதான் என்று அடித்துச் சொன்னார். நோட்டில் முதல் வரியாகக் "கஞ்சி, அரை டம்ளர், எட்டு பத்து" என்று எழுதினார்.

நான் உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொண்டேன். நாற்பத்தைந்து வயதில்! காபி கலக்குகிற சின்ன ஸ்பூன். ஒரு ஸ்பூனுக்கு இருபது தடவை மெல்ல வேண்டும். மூன்று ஸ்பூன் ஆனதும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வீட்டுக்காரர் விடுமுறை நாளில் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். பேருந்துக்கு நேரம் பார்த்த பழக்கம். நான் நாலாவது ஸ்பூனுக்கு முந்தினால், "இன்னும் ஒரு நிமிசம் இருக்கு" என்பார். ஒரு தடவை ஸ்பூனை அவர்மேலேயே எறிந்தேன். எடுத்துக் கழுவிக்கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

ஆவணியில் விரால் மீன் தொடலாம் என்றார்கள். புளி காரம் இல்லாமல் ஆவியில் வேகவைத்து, முள்ளெடுத்து, பூப்போல உதிர்த்து அத்தை கொடுத்த அந்த முதல் இரண்டு விள்ளல், ஆகா! கல்யாணப் பந்தியில் கிடைக்காத ருசி. அதற்குள் ஒரு காதுகுத்து வீட்டில் ஆசைப்பட்டு ஒரு துண்டு மைசூர்பாகைத் தின்று, வேர்த்து, நெஞ்சு படபடத்து, பந்திப் பாயிலேயே படுத்ததும் உண்டு (இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வரும் கோளாறு, டம்பிங் என்பார்கள்). அத்தை அதையும் நோட்டில் எழுதிவிட்டார். விரலால் மறைத்துப் பார்த்தேன், நர்மதா கண்டுபிடித்துவிட்டார்.

தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சீப்பைப் பார்த்து அழாதீர்கள். சாப்பாடு சரியானால் திரும்ப முளைக்கும். எனக்கு இப்போது நெற்றிக்குமேல் குட்டை முடி குத்திட்டு நிற்கிறது.

குத்தகைப் பேச்சு முடியாமல் தொங்கியது. ஒரு நாள் ஊன்றுகோலைப் பிடித்து நின்றபடி நானே கேட்டேன்: "நாத்து விடுறதுக்குள்ள நா கம்பு இல்லாம மதகு வரைக்கும் போயிட்டு வந்துட்டா?"

"வந்துட்டா நா வாயத் தொறக்கல" என்றார் வீட்டுக்காரர்.

மதகு எங்கள் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் இருக்கும். ஊன்றுகோலோடு முதல் வாரம் தெருமுனை, அடுத்த வாரம் மோட்டார் கொட்டகை. கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட, வீட்டுக்காரர் ஸ்கூட்டியில் வந்து கூட்டிப்போன நாளும் உண்டு. அன்று ராத்திரி சித்தப்பா மகனுக்கு நிலத்தைக் கொடுத்துத் தொலையுங்கள் என்று நானே சொன்னேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். மறுநாள் நோட்டைப் பார்த்தால், முதல் நாள் மதியம் நான் எதுவும் சாப்பிடாமல் கிளம்பியது தெரிந்தது. அத்தை அந்த இடத்தில் ஒரு பெரிய சுழி போட்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு முட்டையோ சுண்டலோ உள்ளே போகாமல் நான் செருப்பு மாட்டியதில்லை.

நாற்றங்காலில் விதை தெளிப்பதற்கு முந்தின நாள், ஊன்றுகோலை வாசலில் சாய்த்துவிட்டு மதகு வரைக்கும் போனேன். வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கட்டையில் உட்கார்ந்து ஒரு பிடி வேர்க்கடலையை மென்று தின்றேன். எழுந்து திரும்பி வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, "இல்லப்பா, கலாவே பாத்துக்குறா" என்றார்.

*

இப்போது என் எடை தொண்ணூறு. இன்னும் இறங்கும். வயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது, கைச்சதை ஆடுகிறது. அழகெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. சர்க்கரை மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. முன்பெல்லாம் என் நாளுக்குக் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று துண்டுதான். இப்போது அரைமணி அரைமணியாக நறுக்கியிருக்கிறது. சாப்பிட்ட அரைமணி, தண்ணீருக்கு முந்திய அரைமணி, சும்மா உட்கார வேண்டிய ஒரு நிமிஷம். சும்மா உட்காரும்போது ஊரில் இத்தனை மீன்கொத்தி இருப்பது தெரிந்தது.

புரட்டாசிக் கடைசியில் நடவு. மற்ற வயலுக்கெல்லாம் இயந்திரம். வாய்க்கால் ஓரத்து வயலில் மட்டும் ஆள் நடவு, அங்கே இயந்திரம் புதைந்துவிடும். சனிமூலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகியதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. ஆனால் அவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "ம், எறங்கு" என்றார்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்காரர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, இரண்டு கையையும் பாதி நீட்டியபடி வரப்பில் நின்றார். "கையக் கீழ போடுங்க, கோழி புடிக்கிற மாதிரி நிக்காதீங்க" என்றேன்.

இறங்கினேன். சேறு ஆடுசதை வரைக்கும் ஏறியது. குளிர்ந்தது. குதிகாலில் குளிர்ந்தது, பாதத்தின் ஓரத்தில் குளிர்ந்தது, சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் சேறு பிதுங்கியது எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல் இரண்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. பரவாயில்லை, அவை வரும்போது வரட்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வளர்மதி நாற்று முடியை நீட்டினாள். கிழக்கே பார்த்து, குனிந்து, மூன்று நாற்றை நட்டேன். நிமிர்ந்தபோது அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அக்கா, அன்னிக்குச் சிரிச்சது நாந்தான்" என்றாள்.

"அடிப்பாவி!"

"நாலு வருசமா சொல்லணும்னு. பயமா இருந்திச்சு."

என் குதிகாலிலிருந்து முள்ளைப் பிடுங்கியவள். கையிலிருந்த சேற்றை அவள் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

"கலா, மணி எட்டு பத்து! கஞ்சி ஆறுது!" என்று அத்தை வரப்பிலிருந்து கத்தினார். மடியில் தூக்குவாளி, கையில் நோட்டு.

வரப்பு நாலு எட்டு வைக்கிற தூரம். சிரிப்பு அடங்கி எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். வீட்டுக்காரரின் கை மறுபடி மேலே வந்தது. நான் இடது காலை எடுத்துவைத்தேன். பிறகு, அன்று மாட்டிய அதே வலது காலை இழுத்தேன். சேறு ஒரு நொடி பிடித்தது. இழுத்தேன். வந்துவிட்டது.